பன்னிரண்டு விரற்கடைக் குடல்

எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டில் 'டியோடினம் நார்மல்' என்று எழுதியிருந்தால், அந்தப் பெயருக்குள் ஓர் அளவு ஒளிந்திருக்கிறது. இரைப்பையை அடுத்து வரும் அந்தக் குடல்பகுதியை ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் விரலை வைத்து அளந்தார். பன்னிரண்டு விரற்கடை வந்தது. அதையே பெயராக வைத்துவிட்டார். கிரேக்கத்திலிருந்து அரபுக்கும் அங்கிருந்து லத்தீனுக்கும் போனபோது சொல் மாறியது, பன்னிரண்டு மாறவில்லை. இன்றைய கணக்கில் சுமார் 25 சென்டிமீட்டர். மனிதர் மோசமாக அளக்கவில்லை.

அவர் ஹெரோபிலஸ். இன்றைய இஸ்தான்புல்லின் ஒரு பகுதியான கால்சிடனில் பிறந்து, எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் மருத்துவம் பார்த்தவர். மனித உடலைக் கீறிப் பார்ப்பதற்குக் கிரேக்க உலகில் வேறெங்கும் இடமில்லாத காலம் அது. எகிப்தை ஆண்ட தாலமி மன்னர்கள் இடம் கொடுத்தார்கள். ஹெரோபிலஸ் போன்றவர்கள் சிறைக் கைதிகளை உயிரோடு அறுத்தார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் பின்னாளில் எழுதினார். உண்மையா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

முதன்முதலாகப் பார்க்கும் ஒன்றை என்னவென்று அழைப்பது? ஹெரோபிலஸ் அக்கம்பக்கத்தில் கண்டதையே எடுத்துக்கொண்டார். பின்மூளையில் ஒரு சின்னப் பள்ளம், அலெக்சாண்டிரியாவில் நாணலைச் சீவிச் செய்யும் எழுதுகோலின் முனை மாதிரி இருந்தது, எழுதுகோல் என்றார். மண்டையோட்டுக்குள் பின்பக்கம் சிரைப் பாதைகள் கூடும் இடம் திராட்சை பிழியும் தொட்டி. 'டார்குலர் ஹெரோபிலி' என்று அவர் பெயரையும் சேர்த்தே இன்றும் சொல்கிறார்கள். விழியின் உட்படலம், இழுத்துச் சுருக்கிய வீச்சுவலை. ரெட்டினா என்ற சொல்லுக்குள் கிடப்பதும் அந்த வலைதான்.

என்னைக் கேட்டால், இவற்றையெல்லாம் விடச் சுவையானது ஆர்ட்டரி, அதாவது தமனி, என்ற பெயரின் கதை. இறந்த உடலில் தமனிகள் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். இதயம் நின்ற பிறகு அவற்றின் தடித்த சுவர் சுருங்கி, ரத்தத்தைச் சிரைப் பக்கம் தள்ளிவிடுகிறது. அறுத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியாது. குழாய் காலி, ஆகவே அதில் ஓடியது காற்று என்று பலர் முடிவுகட்டினார்கள். மூச்சுக்குழாய்க்கு வழங்கிய 'ஆர்ட்டீரியா' என்ற பெயர் தமனிக்கும் பொருந்திப்போனது.

ஹெரோபிலஸின் காலத்தவரான எராசிஸ்டிரேடஸ் இதில் பிடிவாதக்காரர். அப்படியானால் உயிரோடு இருப்பவரின் தமனியை வெட்டினால் ரத்தம் பீறிடுவது ஏன்? பதில் தயாராக இருந்தது. வெட்டியதுமே காற்று கண்ணுக்குத் தெரியாமல் வெளியேறுகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்ப, சிரைகளிலிருந்து நுண்ணிய இணைப்புகள் வழியாக ரத்தம் பாய்ந்து வருகிறது! தவறான கருத்துக்கு இவ்வளவு கெட்டிக்கார வக்காலத்து அபூர்வம். வேடிக்கை என்னவென்றால், அந்த நுண்ணிய இணைப்புகள் நிஜமாகவே உண்டு. 1661-ல் தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்து மால்பிகி என்ற ஆய்வாளர் அவற்றைக் கண்டார். ரத்தம் போகும் திசைதான் நேர் எதிர்.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் மருத்துவர் கேலன் வழக்கைத் தீர்த்தார். உயிருள்ள விலங்கின் தமனியை இரண்டு இடத்தில் நூலால் இறுகக் கட்டி, நடுவில் வெட்டினார். சிரையிலிருந்து எதுவும் ஓடிவர வழியில்லை. வந்தது ரத்தம்தான்.

பெயர் மட்டும் திரும்பிப் போகவில்லை. குழப்பம் தீர, நிஜமான காற்றுக்குழாயைச் 'சொரசொரப்பான ஆர்ட்டீரியா' என்று அடைமொழி சேர்த்து அழைத்து வந்தார்கள். கடைசியில் பெயரை ரத்தக்குழாய் எடுத்துக்கொள்ள, மூச்சுக்குழாய்க்கு மிஞ்சியது சொரசொரப்பு மட்டும்: டிரக்கியா. 1895-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் கூடிய உடற்கூறியலாளர்கள், ஒரே உறுப்புக்குப் பல பெயர் என்று பெருகிக் கிடந்த சுமார் 50,000 சொற்களை ஏறத்தாழ 5,000 ஆக வெட்டிக் குறைத்தார்கள். ஆர்ட்டீரியாவில் கைவைக்கவில்லை.