இரண்டரை டன் எம்5: ரசிகர்களின் கோபத்துக்கு ஒரு கணக்கு

அக்கா மகன் அண்ணாமலை நகரில் மெக்கானிக்கல் படிக்கிறான். 2024 ஜூன் கடைசி வாரத்தில் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு அவனிடமிருந்து போன். கடலூர் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையோ என்று பதறிக்கொண்டு எடுத்தால், “மாமா, எம்5-ஐக் கெடுத்துட்டானுங்க மாமா” என்கிறான்.

பி.எம்.டபிள்யூ தன் புதிய எம்5 செடானை அந்த வாரம்தான் திரை விலக்கிக் காட்டியிருந்தது. எண்களைப் பார்த்தால் யாருக்கும் வாய் பிளக்கும். 4.4 லிட்டர் வி8 இன்ஜின், இரண்டு டர்போ, அதோடு ஒரு மின்மோட்டார். எல்லாம் சேர்ந்து 727 குதிரைத்திறன். (இது ஐரோப்பியக் குதிரை. அமெரிக்கக் குதிரை என்றால் 717. குதிரையும் ஊருக்கு ஊர் மாறும்.) முறுக்குவிசை 1,000 நியூட்டன் மீட்டர். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 3.5 நொடி. ஆனால் பையனின் கண்ணில் பட்டது வேறு ஒரு எண். காரின் எடை 2,435 கிலோ.

உலகம் முழுக்க கார்ப் பிரியர்கள் அந்த வாரம் இதைத்தான் பேசினார்கள். முந்தைய எம்5 ஏறக்குறைய 1,900 கிலோ. ஒரே தலைமுறையில் 500 கிலோவுக்கு மேல் ஏறிவிட்டது. “இது காரா, லாரியா?” என்பதுதான் பொதுவான குரல். அதற்கு மேல் இன்னொரு எரிச்சல்: முந்தைய எம்5 காம்பெடிஷன் 625 குதிரைத்திறனில் 3.3 நொடியில் 100-ஐத் தொட்டது. புதியது நூறு குதிரை கூடுதலாக வைத்துக்கொண்டு ஒரு சிட்டிகை மெதுவாகப் போகிறது.

நான் சிரித்துவிட்டேன். “3.5 நொடிடா. நம்ம ரோட்டில் அதில் பாதி வேகத்துக்கு எங்கே இடம்? சும்மா புலம்பாதே” என்று சொல்லி வைத்துவிட்டேன். அது தப்பு என்று இரண்டு வாரம் கழித்துத்தான் புரிந்தது. இந்தக் குறிப்பு அதைப் பற்றி.

நான் சிரித்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. எம்5 என்ற பெயருக்கு ஒரு நீண்ட ஒப்பாரி வரலாறு உண்டு. முதல் எம்5 1985-இல் வந்தது. ஆறு சிலிண்டர், 286 குதிரைத்திறன், சுமார் 1,430 கிலோ. பார்க்க ஆடிட்டர் ஓட்டும் கார் மாதிரி இருக்கும், போனால் ஸ்போர்ட்ஸ் காரை விரட்டும். 1998-இல் ஆறு சிலிண்டரை எடுத்துவிட்டு வி8 வைத்தார்கள். பழைய ரசிகர்களுக்கு மனசு ஆறவில்லை. இன்று அந்த 1998 காரைத்தான் எல்லோரும் எம்5-களிலேயே உத்தமம் என்கிறார்கள். பிறகு 2005 வாக்கில் பத்து சிலிண்டர், 507 குதிரைத்திறன். இன்ஜினைக் கொண்டாடினார்கள், தானியங்கி கிளட்ச் வைத்த கியர்பாக்ஸைத் திட்டினார்கள். 2011-இல் டர்போ வந்தது. இன்ஜின் சத்தத்தைக் காருக்குள் ஸ்பீக்கர் வழியாக ஊட்டினார்கள். “கச்சேரிக்குப் போனால் கேசட் போடுகிறான்” என்ற கதைதான். 2017-இல் நான்கு சக்கரங்களுக்கும் விசை, கையால் போடும் கியர் அடியோடு இல்லை. அதற்கும் ஒரு ஒப்பாரி.

பக்கத்து வீட்டிலும் இதே நிலைதான். மெர்சிடிஸ் ஏ.எம்.ஜி. 2022 செப்டம்பரில் புதிய சி63-ஐக் காட்டியபோது, பழைய வி8 இருந்த இடத்தில் 2 லிட்டர் நாலு சிலிண்டர் இன்ஜினும் மின்மோட்டாரும் இருந்தன. திறன் 680 குதிரை, பழையதைவிட அதிகம். ஆனால் ரசிகர்கள் காரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது அந்த எட்டு சிலிண்டரின் உறுமல்.

ஆகவே “இவர்கள் எப்போதும் இப்படித்தான்” என்று நான் நினைத்ததில் ஓரளவு நியாயம் இருந்தது. ஆனால் சத்தம், கியர் இதெல்லாம் ருசி சம்பந்தப்பட்டவை. எடை அப்படி இல்லை. அதற்குக் கணக்கு இருக்கிறது. நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ். பிளஸ் ஒன் இயற்பியலே இதற்குப் போதும்.

முதலில் அந்த 3.5 நொடி. கார் முன்னால் போவது இன்ஜினால் மட்டும் அல்ல, டயர் ரோட்டைப் பிடித்துத் தள்ளுவதால். டயர் எவ்வளவு பிடிக்கும் என்பது அதன் மேல் அழுத்தும் எடையைப் பொறுத்தது. எடை கூடினால் தள்ளவேண்டிய நிறையும் கூடும், பிடியும் கூடும். சமன்பாட்டை எழுதினால் இரண்டு பக்கமும் நிறை வரும், அடித்துவிடலாம். மிச்சம் நிற்பது உராய்வுக் கெழுவும் புவியீர்ப்பும்தான். நல்ல டயருக்கு உராய்வுக் கெழு 1 என்று வைத்தால், 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட, அதாவது நொடிக்கு 27.8 மீட்டர், குறைந்தது 2.8 நொடி ஆகும். கார் ஒரு டன்னாக இருந்தாலும் மூன்று டன்னாக இருந்தாலும் சரி. நான்கு சக்கரமும் தள்ளும் காரில், புறப்படும்போது எடை தன்னை மறைத்துக்கொள்கிறது. பையன் சொன்ன அந்தச் சிட்டிகை மெதுவு வருவது அடுத்த கட்டத்தில். பிடி பிரச்சினை முடிந்து இன்ஜின் திறன் மட்டும் பேசத் தொடங்கும்போது டன்னுக்கு எத்தனை குதிரை என்பதே கணக்கு. பழையதில் சுமார் 329, புதியதில் சுமார் 299.

பிரேக் பிடித்து நிற்கும் தூரத்திலும் இதே மாயம். 100-இலிருந்து நிற்க, அதே உராய்வுக் கெழுவில், கிட்டத்தட்ட 39 மீட்டர். அங்கேயும் நிறை அடிபட்டுப் போகும். இதுவரை பார்த்தால் ஜெயித்தது நான்தான். இதோடு நிறுத்தியிருந்தால் அப்படியே நினைத்துக்கொண்டு இருந்திருப்பேன்.

ஜூலை இரண்டாம் வாரம் ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் போயிருந்தேன். தேரோட்டத்தன்று பையனோடு தெற்கு வீதி திருப்பத்தில் நின்றேன். இந்த ஊர் வீதிகளுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் கார் ஸ்ட்ரீட். தேரைத்தான் அவன் கார் என்றான். பிள்ளையார், முருகன், நடராசர், அம்பாள், சண்டிகேசுவரர் என்று ஐந்து தேர். கீழ வீதியில் நேராக வரும்வரை யாருக்கும் கவலை இல்லை. ஆயிரம் கை வடம் பிடித்தால் எவ்வளவு பெரிய தேரும் அசையும், கூட்டமே இன்ஜின். திருப்பம் வந்ததும் காட்சி மாறுகிறது. வடம் பிடிப்பவர்கள் இப்போது வேடிக்கை பார்ப்பவர்கள். வேலை முழுக்கச் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் சிலரிடம் போய்விடுகிறது. ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுத்து, தேரை இஞ்ச் இஞ்சாகத் திருப்புகிறார்கள். கட்டை தேய்ந்து கருகிய வாசனை வரும். அருகில் நின்றவர்களுக்குத் தெரியும்.

பையன் வாய் திறக்கவில்லை. கட்டையை மட்டும் காட்டினான். எனக்கு உறைத்தது.

எடை ஒளிந்துகொள்வது நேர்கோட்டில்தான். நிறுத்தும்போது தூரத்தில் தெரியாமல் இருக்கலாம், ஆனால் சூட்டில் தெரிந்தே தீரும். ஓடும் காரின் இயக்க ஆற்றல் முழுவதும் பிரேக்கில் வெப்பமாக வேண்டும். அங்கே நிறை அடிபடுவதில்லை. 200 கிலோமீட்டர் வேகத்தில் புதிய எம்5-இன் இயக்க ஆற்றல் சுமார் 3.76 மெகா ஜூல். பழையதில் 2.93. நம் பாஷையில் சொன்னால், ஒருமுறை அழுத்தி நிறுத்தும்போது புதியது கிட்டத்தட்ட 13 லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பத்தை உண்டாக்குகிறது. பழையது 10 லிட்டர். ஒரு குடத்துக்கும் முக்கால் குடத்துக்கும் உள்ள வித்தியாசம். நான்கு டிஸ்க்கும் சேர்த்து 40 கிலோ வார்ப்பிரும்பு என்று வைத்து, காற்றுக்குப் போவதை விட்டுவிட்டால், ஒரே நிறுத்தத்தில் 200 டிகிரிக்கு மேல் சூடு ஏறும். பழையதில் 160. ஒருமுறை என்றால் பரவாயில்லை. ரேஸ் டிராக்கில் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் இதைச் செய்யவேண்டும், ஆறுவதற்குள் அடுத்தது வந்துவிடும். (கார் மின்மோட்டாரை வைத்துக் கொஞ்சம் ஆற்றலைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அழுத்தி மிதிக்கும்போது பெரும்பங்கு டிஸ்க்குக்குத்தான்.)

தேருக்கும் இந்தப் பிரச்சினை பழசு. திருவாரூர் ஆழித் தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது இதனால்தான். ஆனாலும் முட்டுக்கட்டைக்காரர்களின் வேலை போகவில்லை.

அடுத்தது திருப்பம். டயர் விஷயத்தில் நான் மேலே சொன்ன “எடை கூடினால் பிடியும் கூடும்” என்பது பாடப்புத்தக டயருக்கு. நிஜ ரப்பர் அப்படி நடக்காது. சுமை இரட்டிப்பானால் பிடி இரட்டிப்பாகாது, அதற்குக் கொஞ்சம் குறைவாகவே கூடும். அதிலும் வளையும்போது வெளிப்பக்க டயர்கள் மேல் சுமை சாய்கிறது. அதை ஈடுகட்ட டயரை அகலமாக்கவேண்டும். புதிய எம்5-க்கு முன்னால் 285, பின்னால் 295 மில்லிமீட்டர். பின் சக்கரங்களும் கொஞ்சம் திரும்பும்படி செய்திருக்கிறார்கள். மெதுவாகப் போகும்போது கார் சின்னதாகத் தோன்றுவது அதனால். ஆனால் இடமும் வலமும் மாறி மாறி வெட்டும்போது உடம்பு தன் எடையைச் சொல்லிவிடும். கார்ப் பிரியர்கள் “ஓட்டுற உணர்வு போச்சு” என்று மழுப்பலாகச் சொல்வது இதைத்தான். மழுப்பலாகச் சொன்னாலும் பொய் இல்லை.

சரி, ஏன் இவ்வளவு கனம்? பி.எம்.டபிள்யூ இன்ஜினியர்களுக்கு எடையைப் பற்றித் தெரியாதா என்ன? காரணம் ஐரோப்பியச் சட்டம். ஒரு நிறுவனம் அங்கே விற்கும் கார்களின் சராசரி கரியமில வாயு, 2020-க்குப் பிறகு கிலோமீட்டருக்கு 95 கிராமை ஒட்டி இருக்கவேண்டும். மீறினால் ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும், 95 யூரோ அபராதம். வெறும் வி8 வைத்த கார் 200 கிராமைத் தாண்டும். பெட்ரோலோடு பெரிய பேட்டரியும் வைத்து, வீட்டில் சார்ஜ் போடும்படி செய்தால், சோதனைக்கூடக் கணக்கில் அது 40 கிராமுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதனால் 18.6 கிலோவாட் மணி பேட்டரி, நம்ம ஈ.பி. கணக்கில் 18.6 யூனிட். மின்சாரத்தில் மட்டும் அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்கிறார்கள். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாமல் வந்துவிடலாம். வி8 உயிரோடு இருப்பதற்குக் கொடுத்த விலைதான் இந்த எடை. ஏ.எம்.ஜி. வி8-ஐயும் விட்டது, பேட்டரியையும் சுமந்தது. 2,100 கிலோவுக்கு மேல் ஆனது. இரண்டில் எது நல்ல பேரம் என்று கேட்டால், எனக்கு பி.எம்.டபிள்யூ செய்தது நேர்மையாகப் படுகிறது.

ரசிகர்கள் யாரும் பெரிதாகப் பேசாத ஒன்று இருக்கிறது. அதுதான் என்னை உறுத்துகிறது. கடலூர் ஓ.டி. தாண்டி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகச் சிதம்பரம் வரும் சாலையில் நான் ஓட்டுவது சின்ன ஹேட்ச்பேக். சுமார் 900 கிலோ. எதிர்த்திசையில் வருபவர்கள், குறுக்கே புகும் பைக், அறுவடைக் காலத்தில் ஓரத்தில் காயும் நெல் எல்லாம் உண்டு. இரண்டு கார்கள் ஆளுக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொள்வதாக வைத்து, உந்த அழியாமை விதியைப் போட்டுப் பார்த்தேன். எதிரே வருவது 1985 எம்5 என்றால், என் காரின் வேகம் நொடியின் சிறு பகுதிக்குள் 74 கிலோமீட்டர் மாறும், அவர் காருடையது 46. எதிரே வருவது 2024 எம்5 என்றால் எனக்கு 88, அவருக்கு 32. காயம் பெரும்பாலும் இந்த வேக மாற்றத்தைப் பொறுத்தது. அவர் இன்னும் பத்திரம், நான் இன்னும் ஆபத்தில். எம்5 நம் ஊரில் அரிது. இந்தியாவுக்கு முழுக் காராக இறக்குமதியாகி 2024 நவம்பரில் 1.99 கோடி ஷோரூம் விலைக்கு வந்தது. ஆனால் பெரிய எஸ்.யூ.வி.கள் அரிது இல்லை, இந்தக் கணக்கு அவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

ஊருக்குத் திரும்பிய பிறகு பையனுக்குப் போன் செய்து, நான் சிரித்தது தப்பு என்று சொன்னேன். இரண்டு நிமிடம் அனுபவித்தான். பிறகு ஆறுதலுக்கு நானே ஒன்று சொன்னேன். நாம் சென்னைக்குப் போகும் வழியில், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மகிந்திரா சிட்டியில் 2007-இலிருந்து பி.எம்.டபிள்யூ தொழிற்சாலை இருக்கிறது. 2021 மார்ச்சில் எம்340ஐ என்ற செடானை அங்கேயே பூட்டி விற்கத் தொடங்கினார்கள், இந்தியாவில் பூட்டிய முதல் எம் கார். நேர் வரிசையில் ஆறு சிலிண்டர், 387 குதிரைத்திறன், 100-க்கு 4.4 நொடி, வந்தபோது ஷோரூம் விலை 62.90 லட்சம். புது எம்5-ஐவிட அறுநூறு எழுநூறு கிலோ குறைவு. “1985-இல் எம்5 என்று எதைச் சொன்னார்களோ, அதற்குக் கிட்டத்தில் இருப்பது இதுதாண்டா, நம்ம செங்கல்பட்டு மாவட்டத்துச் சரக்கு” என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான்.

“எல்லாம் சரி மாமா. ஆனா அதுலயும் கையால போடுற கியர் இல்லையே.”