மருந்து மட்டும் போதுமா?

குழந்தைக்குப் புற்று நோய் என்று கேட்ட மாத்திரத்தில், "இனி என்ன இருக்கிறது?" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவோர் நம்மில் அநேகர். பெரியவர்களுக்கு வரும் புற்று வேறு, குழந்தைகளுக்கு வரும் புற்று வேறு என்பதும், பின்னதில் பெரும் பகுதி குணப்படுத்தக் கூடியதே என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. செல்வம் மிகுந்த தேசங்களில் இந்நோய் கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் பிழைத்து எழுகிறார்கள். ஏழைத் தேசங்கள் பலவற்றிலோ நூற்றுக்கு 30 பேர்கூடப் பிழைப்பதில்லை. உலகத்தில் ஆண்டுதோறும் 19 வயதுக்கு உட்பட்டவர்கள் சுமார் 4 லட்சம் பேர் இந்த நோய்க்கு ஆளாகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறந்திருப்பது வசதி குறைந்த நாடுகளில். நோய் ஒன்றுதான், பிறந்த மண் வேறு என்பதற்காக ஒரு குழந்தை வாழ்வதும் மற்றொன்று மடிவதும் நியாயமாகுமா?

மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்றால் விதியை நொந்துகொள்ளலாம். அப்படிச் சொல்வதற்கும் இடமில்லை. இரத்தப் புற்று கண்ட குழந்தைகளுக்குத் தாற்காலிகமாகவேனும் குணம் கிடைத்தது என்ற செய்தியை, 1948-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து டாக்டர் ஸிட்னி ஃபார்பர் முதன்முதலாக வெளியிட்டார். அவர் கையாண்ட மருந்தைத் தயாரித்துக் கொடுத்த ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவர், சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். நம் ஊர் வேலியோரத்தில் தானே பூத்துக் கிடக்கும் நித்திய கல்யாணியிலிருந்து எடுக்கும் 'வின்கிரிஸ்டின்' என்ற மருந்தும் இந்நோய்க்கு இன்றுவரை கொடுக்கப்படுகிறது. சுடுகாட்டுப் பூ என்று நாம் ஒதுக்கிய செடி உலகத்துக் குழந்தைகளின் உயிரைக் காத்து வருகிறது!

அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? பிரேஸில் தேசத்தின் வடகிழக்கில் ரெஸீஃபே என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அதற்குப் பின்னால் உள்நாட்டில் மழை பொய்க்கும் வறண்ட பிரதேசம். வறிய குடியானவர்கள் வாழும் சீமை. 1980 முதல் 1989 வரை அந்நகரில் இரத்தப் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற குழந்தைகளில், ஐந்து ஆண்டுகள் நோய் மீளாமல் பிழைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 32 பேர்தான். நூற்றுக்கு 16 குழந்தைகள் சிகிச்சையைப் பாதியிலேயே விட்டுப் போய்விட்டார்கள்.

பெற்றோருக்குப் பாசம் இல்லாமலா விட்டுப் போனார்கள்? இந்தச் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீடிக்க வேண்டியது. ஆனால், அநேகமாக ஒரு மாதத்துக்குள்ளேயே ஜுரம் தணியும்; முகம் தெளியும்; குழந்தை எழுந்து விளையாடும். 'பிள்ளை தேறிவிட்டான்' என்று தாய் நினைப்பது இயல்புதானே? அத்துடன் பஸ் சத்தத்துக்குப் பணம் வேண்டும். நகரத்தில் தங்க இடம் வேண்டும். தகப்பனின் கூலி போகும். வீட்டில் மற்றக் குழந்தைகள் காத்திருக்கும். ஊருக்குத் திரும்பியவர்கள் மறுபடி வருவதில்லை. ஒளிந்திருந்த நோய் மட்டும் திரும்பி வந்துவிடும்.

1994-இல் ரெஸீஃபே வைத்தியர்களுடன் அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்து ஸெயின்ட் ஜூட் ஆஸ்பத்திரி கை கோத்துக்கொண்டது. டானி தாமஸ் என்ற நடிகர் முயன்று 1962-இல் திறந்த ஆஸ்பத்திரி அது. சிகிச்சைக்காக எந்தக் குடும்பத்தினிடமும் அங்கே பணம் கேட்பதில்லை. குழந்தைகளுக்கென்றே தனி வார்டு ரெஸீஃபேயில் ஏற்பட்டது. டாக்டர்களும் நர்ஸுகளும் பயிற்சி பெற்றார்கள். சிகிச்சை முறை ஒழுங்குபட்டது. இவற்றோடு, வெளியூரிலிருந்து வரும் தாய்க்கும் பிள்ளைக்கும் தங்க இடம், உணவு, பிரயாணச் செலவு ஆகியவற்றுக்கு உள்ளூர்த் தர்மவான்கள் வழி செய்தார்கள். 1997-க்கும் 2002-க்கும் இடையில் வந்த குழந்தைகளில் ஐந்தாண்டு நோயின்றிப் பிழைத்தவர்களின் தொகை நூற்றுக்கு 63 ஆக உயர்ந்தது. சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் இருநூறு பேரில் ஒருவரே!

மருந்தோடு சோறும் படுக்கையும் வண்டிச் சத்தமும் சேர்ந்தபோதுதான் இது கைகூடிற்று என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். நோயுற்ற பிள்ளையை ஆகாய விமானத்தில் ஏற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோயிருந்தால் ஒரு பிள்ளை பிழைத்திருக்கும். பத்திரிகையில் படமும் வந்திருக்கும். அதைவிட, பிள்ளை பிறந்த நாட்டிலேயே வைத்தியரையும் நர்ஸையும் ஆளாக்குவது நிலையான உதவி. இத்தாலியின் மோன்ஸா நகரத்து வைத்தியர்கள் 1986-இலேயே நிகராகுவா தேசத்து மனாகுவா நகருடன் இத்தகைய உறவு பூண்டார்கள். எல் ஸால்வடாரிலோ, குறித்த நாளில் குழந்தை வராவிட்டால் குடும்பத்தைத் தேடி விசாரிக்கும் ஏற்பாடு செய்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஆஜர்ப் பட்டி எடுத்துப் பழகிய நமக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். வராத பிள்ளையைத் தேடிப் போகாத இடத்தில் எத்தனை நல்ல பாடம் நடந்தாலும் அந்தப் பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?

உலக சுகாதார ஸ்தாபனம் 2018-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 2030-க்குள் உலகெங்கும் இந்நோய் கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு 60 பேரையாவது பிழைக்கச் செய்ய வேண்டும் என்பது அதன் நோக்கம். தரமான மருந்து தடையின்றிக் கிடைக்கும்பொருட்டு, ஸெயின்ட் ஜூட்டுடன் சேர்ந்து 2021-இல் மற்றொரு ஏற்பாட்டையும் அறிவித்தது. அதன்படி 2025 பிப்ரவரியில் மங்கோலியாவுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் முதல் மருந்துகள் இலவசமாகச் சென்றன. மகிழ வேண்டிய செய்திதான். ஆயினும் தலைநகரத்துக் கிடங்கு வரையில் வந்த மருந்து, மலையடிவாரத்துக் குடிசையிலிருக்கும் குழந்தையின் உடம்பில் ஏற வேண்டுமே! அந்தக் கடைசித் தூரத்தைக் கடப்பதற்கு உள்ளூர் மனிதர்கள்தான் வேண்டும்.

நம் வீடுகளுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. காரணமின்றி வெளிறிப்போதல், விடாத ஜுரம், அடிபடாமலே கன்றிய தழும்பு, நாளுக்கு நாள் பெருக்கும் கட்டி, கண்மணியில் வெள்ளொளி ஆகியவற்றைக் கண்டால் கைவைத்தியத்தில் நாளைப் போக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். சிகிச்சை தொடங்கிய பின், பிள்ளை ஓடி விளையாடினாலும் டாக்டர் போதும் என்று சொல்லும்வரை நிறுத்தாதீர்கள். அண்டை வீட்டுக் குழந்தைக்கு அந்த நோய் வந்திருந்தால், அனுதாபம் சொல்வதோடு நில்லாமல், அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகப் பஸ் சத்தம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.