அணுவை அளக்கும் படி



நம் தோட்டங்களில் முன்பு ராத்தலில் நிறுத்தார்கள். பிறகு கிலோ வந்தது. 100 ராத்தல் ரப்பர் ஏறத்தாழ 45 கிலோ ஆயிற்று. எண் குறைந்ததே தவிர, ரப்பர் குறையவில்லை. பெரிய படியால் அளந்தால் எண் சிறுக்கும். சிறிய படியால் அளந்தால் எண் பெருகும். ஐந்தாம் படிவப் பிள்ளைகள் பௌதிகத்தில் செய்யும் அணு ஆற்றல் கணக்குக்கும் இதுவே அடிப்படை.

ஆற்றலை அளக்கும் பொது அலகு ஜூல். மின்சார பில்லில் காணும் ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி, 36 இலட்சம் ஜூலுக்குச் சமம். 1,000 வாட் இஸ்திரிப்பெட்டி ஒரு மணி நேரம் சூடேறினால் அவ்வளவு செலவாகும்.

ஆனால் ஓர் அணுவின் ஆற்றலை ஜூலால் அளப்பது, ஒரு நெல்மணியை லாரி நிறுக்கும் தராசில் இடுவது போன்றது. அதற்கென ஒரு சிறு படி உண்டு. அதன் பெயர் எலெக்ட்ரான் வோல்ட். ஓர் எலெக்ட்ரான் ஒரு வோல்ட் மின்னழுத்தத்தைக் கடக்கும்போது பெறும் ஆற்றல் அது. 1.6-ஐ, ஒன்றுக்குப் பின் 19 சுழியங்கள் இட்ட எண்ணால் வகுத்தால் அது எத்தனை ஜூல் என்பது கிடைக்கும்.

கெலாங் பாத்தாவுக்குத் தென்மேற்கே, பூலாய் ஆற்றின் மறுகரையில், தஞ்சோங் பின் மின்நிலையத்தில் நிலக்கரி எரிகிறது. ஒரு கரி அணு முழுமையாக எரிந்தால் சுமார் 4 எலெக்ட்ரான் வோல்ட் வெளிப்படும். ஒரு யுரேனிய அணு பிளந்தாலோ சுமார் 20 கோடி எலெக்ட்ரான் வோல்ட்! 5 கோடி மடங்கு.

இதை வீட்டு யூனிட்டுக்கு மாற்றுவோம். ஒரு கிராம் யுரேனியம் 235-இல், 256-க்குப் பின் 19 சுழியங்கள் இட்ட அளவு அணுக்கள் உள்ளன. அத்தனையும் பிளந்தால், இந்த 19 சுழியங்களும் முன் சொன்ன வகுக்கும் எண்ணின் 19 சுழியங்களும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். எஞ்சியவை 256, 20 கோடி, 1.6. மூன்றையும் பெருக்கினால் 8,192 கோடி ஜூல். அதை 36 இலட்சத்தால் வகுத்தால் ஏறத்தாழ 22,750 யூனிட். மாதம் 300 யூனிட் செலவிடும் வீட்டுக்கு இது ஆறு ஆண்டுக் கணக்கு. இது வெப்பத்தின் அளவு என்பதை மறக்கலாகாது. வெப்பம் முழுவதும் மின்சாரமாக மாறிவிடாது.

சிலாங்கூரில் பாங்கி என்னுமிடத்தில், 1982 ஜூன் 28-ஆம் நாள் நம் நாட்டின் ஆராய்ச்சி அணு உலை முதன்முதலாக இயங்கியது. தொடர்ந்து இயங்குகையில் அதன் உச்ச வெப்பத் திறன் ஒரு மெகாவாட். அந்த அளவில் ஒரு நாள் ஓடினால் 24,000 யூனிட் வெப்பம். அதற்குப் பிளக்கும் யுரேனியம் ஒரு கிராமுக்குச் சற்றே கூடுதல்தான்.

பெற்றோர்களே, பௌதிகம் படிக்காதவர்களும் பிள்ளையின் விடையைச் சோதிக்கலாம். எலெக்ட்ரான் வோல்ட்டை ஜூலாக மாற்றினால் எண் சிறுத்திருக்க வேண்டும். ஜூலை எலெக்ட்ரான் வோல்ட்டாக மாற்றினால் பெருத்திருக்க வேண்டும். மாறி வந்தால், வகுக்க வேண்டியதைப் பெருக்கியிருக்கிறான், அல்லது பெருக்க வேண்டியதை வகுத்திருக்கிறான் என்று பொருள். “எது பெரிய படி?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். பிழையை அவனே கண்டுகொள்வான்.