கருவிழிக்கும் ஒரு வரைபடம்

புனே ராஸ்தா பேட்டில் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு ஓர் அக்கா வருகிறார். அவர் மகளுக்கு வயது இருபது. கண்ணாடி போட்டிருக்கிறாள். பெண் பார்க்க வருவதற்குள் லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்று ஆசை. சீட்டுப் பணமும் எடுத்துவிட்டார்கள். கண்ணாடியைக் குறை சொல்லும் மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை.

மருத்துவமனையில் கண்ணை ஒரு படம் எடுத்தார்கள். "இந்தக் கண்ணுக்கு லேசர் வேண்டாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"பவர் அதிகம் இல்லையே, ஏன்மா வேண்டாம் என்கிறார்?" என்று அக்கா என்னிடம் கேட்டார்.

பவர் வேறு, கருவிழியின் வடிவம் வேறு. கருவிழி கண்ணின் முன்னால் இருக்கிறது. நடுவில் அதன் தடிப்பு சுமார் அரை மில்லிமீட்டர்தான். லேசர் அதைத்தான் செதுக்குகிறது. மீதி இருப்பது பலமாக இருக்க வேண்டும். பலம் இல்லாவிட்டால், கண்ணின் உள்ளே இருக்கும் அழுத்தம் அதை முன்னே தள்ளும். கருவிழி கூம்பு போலப் பிதுங்கும். பிறகு கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாது. லேசருக்குப் பின் இப்படி ஆனவர்களைப் பற்றி ஜெர்மனி டாக்டர் தியோ செய்லர் 1998இல் எழுதினார்.

சிலருக்கு லேசர் செய்யாமலே கருவிழி கூம்பத் தொடங்கும். ஆரம்பத்தில் வெளியே தெரியாது. கண்ணாடி பவர் அடிக்கடி மாறும், அவ்வளவுதான். இந்தப் பெண்ணும் ஒரே வருடத்தில் இரண்டு முறை கண்ணாடி மாற்றியிருந்தாள்.

படம் எடுக்க ஊசி இல்லை, வலி இல்லை. தாடையைத் தாங்கியில் வைத்து, இமைக்காமல் விளக்கைப் பார்க்க வேண்டும். கண்மீது வட்ட வட்டமாக ஒளி விழும். கருவிழி சீராக இருந்தால் வட்டமும் சீராகத் தெரியும். கோணல் இருந்தால் வட்டமும் கோணும். போர்ச்சுகல் டாக்டர் பிளாசிடோ 1880களில் கையில் ஒரு தட்டை வைத்தே இதைப் பார்த்தார். இன்று கம்ப்யூட்டர் வண்ணப் படமாகத் தருகிறது. தடிப்பையும் அளக்கும் கருவிகள் உண்டு.

பர்வதி குன்றின் படிகளில் ஏறியிருக்கிறீர்களா? செங்குத்தான இடத்தில் மூச்சு வாங்கும். கருவிழிப் படத்தில் செங்குத்தான இடம் சிவப்பு, தட்டையான இடம் நீலம். இவள் படத்தில் கீழ்ப்பக்கம் சிவந்திருந்தது.

காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். லென்ஸ் கருவிழியை அழுத்தும், படம் தவறாக வரும். சில நாள் முன்பே கழற்ற வேண்டும். கெட்டி லென்ஸ் என்றால் வாரக்கணக்கில்.

அந்தப் பெண் இப்போது கண்ணைக் கசக்குவதில்லை. ஆறு மாதத்தில் மறுபடி படம். சிவப்பு வளர்ந்திருந்தால், பி2 வைட்டமின் சொட்டு விட்டு, புற ஊதா ஒளி காட்டிக் கருவிழியை உறுதியாக்குவார்கள். சீட்டுப் பணத்தை அக்கா அதற்கென்று எடுத்து வைத்திருக்கிறார்.