ஊழியம் நமக்கு, பீடம் யாருக்கு?

வேதாகமப் பள்ளியில் பயின்று அயல்நாட்டுக்கு மறைப்பணியாளராகச் செல்லலாம் என்னும் அழைப்பு, பெரம்பலூரிலோ அரியலூரிலோ உள்ள ஒரு தலித் மாணவருக்கு வந்தால், அது விசுவாசத்தைப் பற்றிய அழைப்பு மட்டுமன்று. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர். ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் நிலத்திலிருந்து வெளியேறும் வழியாகவும் அந்த அழைப்பு தோன்றும். ஆகவே, இத்தகைய பயிற்சி நம் மக்களுக்கு இதுவரை எதைத் தந்தது, எதை மறுத்தது என்பதை அறிந்துகொள்வது அவசியம். அந்த வரலாறு இந்த மண்ணிலேயே இருக்கிறது.

கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ளது ஏலாக்குறிச்சி. இத்தாலியிலிருந்து 1711இல் தமிழகம் வந்த வீரமாமுனிவர் இவ்வூருக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, இங்கே உபதேசியார்களைப் பயிற்றுவித்தார். அவர் 1727இல் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’ அவர்களுக்கான வழிகாட்டி நூலாகும். அயல்நாட்டுக் குருக்கள் மிகச் சிலர், ஊர்களோ பல. எனவே ஊர் ஊராக நடந்து மறைக்கல்வி கற்பித்தவர்களும், சாகக் கிடப்போரின் அருகே அமர்ந்து செபித்தவர்களும் உபதேசியார்களே. பணி அவர்களின் தோளில் நின்றது. ஆனால் பலிபீடத்தில் நிற்கும் உரிமை குருவுக்கு மட்டுமே இருந்தது.

இந்த ஏற்பாட்டுக்குள் சாதியும் குடியேறியது. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் பிராமணச் சந்நியாசியின் கோலத்தை ஏற்றார். 1640 முதல் ஒடுக்கப்பட்ட சாதியினரிடம் செல்வதற்கெனப் ‘பண்டார சுவாமிகள்’ என்னும் தனிப் பிரிவினர் உருவாயினர். நோயுற்ற பறையர்களின் வீட்டுக்குள் சென்று திருவருட்சாதனம் வழங்கக் குருக்கள் மறுக்கக் கூடாது என்று 1704இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் ஆணையிட்டார். 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் அதை உறுதிசெய்தார். ஆனால் அதற்குக் கிடைத்த தீர்வு, பறையர்களுக்கெனத் தனிக் குருக்களை ஒதுக்குவது! தீண்டாமையை ஒழிப்பதற்குப் பதிலாக, அதற்கேற்பப் பணியாளர்கள் பிரிக்கப்பட்டனர்.

சீர்திருத்தச் சபையும் இதற்கு விலக்கல்ல. 1706இல் தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் பணியில், வெள்ளாளரான ஆரோன் 1733இல் குருப்பட்டம் பெற்றார். பறையர் சமூகத்தில் பிறந்த இராஜநாயக்கன், தஞ்சைப் படையில் வீரராக இருந்து, அச்சிட்ட தமிழ் நற்செய்தியைப் படித்து அச்சபையில் இணைந்தவர். உபதேசியாராகப் பல எதிர்ப்புகளுக்கிடையே சபைகளைக் கட்டியெழுப்பினார். எனினும் 1741இல் அடுத்த குருவைத் தேர்ந்தெடுத்தபோது அவர் ஒதுக்கப்பட்டார். அவர் கையால் திருவிருந்து பெறச் சாதிக் கிறித்தவர்கள் மறுப்பார்கள் என்பதே காரணம். அவருடைய அறிவிலோ உழைப்பிலோ எவரும் குறை கூறவில்லை. மனிதரைத் திரட்டலாம், அப்பத்தைப் பரிமாறக் கூடாது என்பதுதான் அவருக்குக் கிடைத்த தீர்ப்பு.

இன்று நிலைமை முற்றிலும் அப்படியே இல்லை. தலித் குருக்களும் ஆயர்களும் இருக்கிறார்கள். ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா 2022இல் முதல் தலித் கர்தினால் ஆனார். எனினும், திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு நிலவுவதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட தலித் கொள்கையில் ஒப்புக்கொண்டது. ஐரோப்பாவில் குருத்துவத்துக்கு வருவோர் குறைந்துவிட்ட நிலையில், தமிழகக் குருக்கள் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் பங்குகளை நடத்துகிறார்கள். திசை மாறியிருக்கிறது, ஆனால் யார் அனுப்பப்படுகிறார், யார் முடிவெடுக்கிறார் என்னும் கேள்வி மாறவில்லை.

ஆகவே, பயிற்சியில் சேரும் முன் மாணவர்கள் மூன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

முதலாவது, சான்றிதழ். 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பட்டம் வழங்கும் செராம்பூர் கல்லூரிப் பேரவையோடு இணைந்த கல்லூரியும், தனியார் வேதாகமப் பள்ளியும் ஒன்றல்ல. பின்னதன் சான்றிதழ் பல்கலைக்கழகப் பட்டமாகாது.

இரண்டாவது, விசா. சமயப் பணியாளருக்கான அமெரிக்க விசா அதிகபட்சம் ஐந்தாண்டுகளுக்கே. விண்ணப்பிக்கும் முன் குறைந்தது இரண்டாண்டுகள் அந்தச் சபைப் பிரிவின் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். அங்கே தங்கும் உரிமை, அழைத்த அமைப்பைச் சார்ந்தே நிற்கும். அவ்வமைப்போடு முரண்பட்டால் பாதுகாப்பு யார் கையில் என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

மூன்றாவது, சாதிச் சான்றிதழ். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிவுபடுத்தப்பட்டது, கிறித்தவருக்கு இல்லை. தமிழ்நாட்டில், பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவரானோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகின்றனர். ஞானஸ்நானம் சாதியை அழிக்கவில்லை. சாதிக்கு எதிரான அரசின் பாதுகாப்பை மட்டும் அழிக்கிறது. இந்த அநீதியை எதிர்த்துத் தலித் கிறித்தவர்கள் பல்லாண்டுகளாகப் போராடி வருகிறார்கள்.

நாம் எவருடைய விசுவாசத்தையும் தடுக்கவில்லை; எந்த மதத்தையும் பரப்பவுமில்லை. பயிற்சி தருபவர்களிடம் ஒரு கேள்வியை மட்டும் முன்வைக்கிறோம்: உங்கள் பேராசிரியர் குழுவிலும், அனுப்பும் குழுவிலும், நிதியைத் தீர்மானிக்கும் குழுவிலும் தலித்துகள் எத்தனை பேர்? அதற்கு எண்ணிக்கையில் விடை சொல்லாத அமைப்பு, இராஜநாயக்கனை ஒதுக்கிய 1741ஐ இன்னும் கடக்கவில்லை.