வீட்டுக்கு வந்த சட்டம் – 9: அவள் சொன்னதே சாட்சி

சென்ற வாரம் 1961-ன் வரதட்சணைத் தடைச் சட்டத்தைப் பார்த்தோம். இந்த வாரம் நீதிமன்றத்துக்குள் செல்வோம். மகளைப் பறிகொடுத்த பெற்றோர் வழக்கறிஞரிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "நாலு சுவத்துக்குள்ள நடந்தது. பார்த்தவங்க யாருமில்ல. அவளும் போயிட்டா. எப்படிங்க நிரூபிக்கிறது?"

இந்தச் சிக்கலை உணர்ந்தே சட்டம் திருத்தப்பட்டது. இந்திய தண்டனைச் சட்டத்தில் 1983-ல் கணவர் வீட்டுக் கொடுமைக்கான 498ஏ பிரிவும், 1986-ல் வரதட்சணை மரணத்துக்கான 304பி பிரிவும் சேர்ந்தன. முதலாவதற்கு 3 ஆண்டுகள் வரை சிறை. இரண்டாவதற்குக் குறைந்தது 7 ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள். 2024 ஜூலை 1 முதல் நடக்கும் குற்றங்களுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86, 80 பிரிவுகள் பொருந்தும். அதற்கு முந்தையவற்றுக்குப் பழைய பிரிவுகள்தான்.

304பி வழக்கில் கொலை நடந்தது என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியதில்லை. தற்கொலையானாலும் வழக்கு நிற்கும். திருமணமாகி 7 ஆண்டுகளுக்குள் இயற்கைக்கு மாறான மரணம். கணவரோ அவர் உறவினரோ வரதட்சணை கேட்டுக் கொடுமை செய்தது. அந்தக் கொடுமை மரணத்துக்குச் சற்று முன்பு வரை இருந்தது – இவற்றை நிறுவினால் போதும். பழைய சாட்சியச் சட்டத்தின் 113பி பிரிவின்படி (இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 118-ஆவது பிரிவு) அதை வரதட்சணை மரணம் என்றே நீதிமன்றம் அனுமானித்தாக வேண்டும். அப்படியல்ல என்று காட்டும் பொறுப்பு பிறகு எதிரியுடையது.

பெரும்பாலான வழக்குகள் சறுக்குவது 'சற்று முன்பு' என்ற இடத்தில்தான். கடைசி நாளில் அடி விழுந்திருக்க வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. கொடுமைக்கும் மரணத்துக்கும் அறுபடாத தொடர்பு இருக்க வேண்டும் என்று சத்பீர் சிங் வழக்கில் (2021) உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

அந்தத் தொடர்பை யார் சொல்வது? அவளேதான். பிறர் சொல்லக் கேட்டதைப் பொதுவாக நீதிமன்றம் ஏற்காது. ஆனால், இறந்தவர் தம் மரணத்துக்கு இட்டுச்சென்ற சூழ்நிலை பற்றிச் சொன்னதும் எழுதியதும் விதிவிலக்கு. சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் (1984) ஒரு பெண் தன் சகோதரிக்கும் தோழிக்கும் எழுதிய கடிதங்களை உச்ச நீதிமன்றம் சாட்சியமாக ஏற்றது. ஆனாலும் மற்ற சூழ்நிலைகள் சங்கிலியாக இணையாததால் எதிரி விடுதலையானார். அவளுடைய சொல்லுக்குத் துணை நிற்கும் ஆதாரங்களும் வேண்டும் என்பதே இதன் பாடம். மரணத்துக்கான குற்றச்சாட்டு தோற்றாலும், அதே கூற்றுகளை 498ஏ குற்றத்துக்குப் பயன்படுத்தலாம் என்று சுரேந்திரன் வழக்கு (2022) வழிதிறந்தது.

"அடிக்கடி கொடுமை பண்ணாங்க" என்ற சாட்சியம் குறுக்கு விசாரணையில் உதிர்ந்துவிடும். "தலை தீபாவளிக்கு வந்தப்போ, பாக்கி அஞ்சு பவுனோட வரச் சொன்னாருன்னு அழுதா, மறுவாரம் என் வளையலை அடகு வெச்சுப் பணம் அனுப்பினேன்" என்ற சாட்சியம் நிற்கும். அடகு ரசீது, வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் குரல் பதிவு, மகளிர் காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டு தந்த சி.எஸ்.ஆர். ரசீது, சமாதானம் பேசி எழுதி வாங்கிய கடிதம் எல்லாம் ஆதாரமே.

இறந்த பிறகு நடக்கும் ஆர்.டி.ஓ. (கோட்டாட்சியர்) விசாரணை மிக முக்கியம். துக்கத்தில் அங்கே சொல்ல மறந்ததைப் பின்னால் கூண்டில் ஏறிச் சொன்னால், புனைந்தது என்பார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். கோபத்தில் மாமனார், நாத்தனார், கொழுந்தன் என்று எல்லோர் பெயரையும் சேர்ப்பதும் வழக்கைக் கெடுக்கும். யார் என்ன செய்தார் என்று குறிப்பாகச் சொல்லாத புகாரை உறவினர்களைப் பொறுத்தவரை கஹ்கஷான் கௌசர் வழக்கில் (2022) உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. குற்றமற்றவரைக் காப்பதும் சட்டத்தின் கடமை.

பெற்றவர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். மகள் போனில் அழுதால், "பொறுத்துப் போம்மா" என்று வைத்துவிடாதீர்கள். யார், என்று, எவ்வளவு கேட்டார் என்று விசாரித்து, எழுதி வையுங்கள், அவளை அழைத்து வாருங்கள், 181 மகளிர் உதவி எண்ணுக்கு அழையுங்கள். வழக்கை ஜெயிக்கத் தேவைப்படும் இதே விவரங்கள் உரிய நேரத்தில் கையில் இருந்தால், அவளை உயிரோடு மீட்கவும் உதவும்.

(அடுத்த வாரம்: 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தரும் பாதுகாப்பு)