புளூடூத்தும் வீட்டுக் கணிப்பொறியும்

நமது சங்கங்களில் கணக்கு எழுதும் காரியதரிசிகள் பலர் இப்பொழுது தம் இல்லங்களிலும் கணிப்பொறி வைத்திருக்கின்றனர். பகலில் முடியாத பேரேட்டு வேலையை இரவில் வீட்டில் முடிப்பதும் வழக்கமாகிவிட்டது. அண்மையில் ஒரு நெசவாளர் சங்கத்தின் தணிக்கைக்குச் சென்றிருந்தபொழுது, காரியதரிசியின் வீட்டில் அவருடைய கணிப்பொறியைக் காண நேர்ந்தது. அதில் புளூடூத் திறந்தே கிடந்தது. எதற்காக என்று வினவினோம். "பேரன் பாட்டுக் கேட்க ஒலிபெருக்கியை இணைத்தான் ஐயா; இரண்டு வருஷம் ஆகிறது. பிறகு அதை யாரும் தொடவில்லை" என்றார். இணைப்புப் பட்டியலைத் திறந்து பார்த்தோம். அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியின் பெயரும், முன்பின் அறியாத இரண்டு கைபேசிகளின் பெயர்களும் அதில் வரிசையாக வந்து நின்றன. சுவர் இதற்குத் தடையன்று என்பதை அவர் அப்பொழுதுதான் உணர்ந்தார்.

புளூடூத் என்பது கம்பியில்லாமல் சிறு தொலைவுக்குச் செய்தி அனுப்பும் வானொலி முறை. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற அரசனின் பட்டப்பெயரே இதற்குச் சூட்டப்பட்டது. சாதாரணக் கருவிகளில் இது 10 மீட்டர் அளவுக்கும், வலிமை மிக்கவற்றில் 100 மீட்டர் வரைக்கும் எட்டும். ஆனால் இக்கணக்கை நம்பி அயர்ந்திருத்தல் கூடாது. 2004-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் சிலர், ஒரே திசையை நோக்கும் அலைவாங்கியைத் துப்பாக்கி வடிவில் அமைத்து, ஒரு மைலுக்கு அப்பாலிருந்த கைபேசியைத் தொட்டுக் காட்டினர்.

திறந்திருப்பதனால் நேரும் தீங்கு யாது? இரண்டு கருவிகள் முதன்முறை இணையும்பொழுது நமது சம்மதத்தைக் கேட்கும் என்றே நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அது மெய்தான். எனினும் 2017 செப்டம்பரில் 'புளூபோர்ன்' என்ற பெயரில் எட்டுப் பிழைகள் வெளியாயின. ஆண்ட்ராய்டு, விண்டோஸ், லினக்ஸ், பழைய ஐபோன்கள் ஆகிய யாவும் அவற்றுள் ஏதேனும் ஒன்றுக்கு ஆட்பட்டிருந்தன. இணைக்க வேண்டியதில்லை, சம்மதம் வேண்டியதில்லை, பிறர் கண்ணுக்குப் புலப்படாதவாறு கருவியை மறைத்து வைத்திருந்தாலும் பயனில்லை. புளூடூத் திறந்திருப்பது ஒன்றே போதுமானதாயிருந்தது.

2023 டிசம்பரில் மார்க் நியூலின் என்ற ஆராய்ச்சியாளர் வெளியிட்டது நமக்கு இன்னும் நெருங்கிய விஷயம். அருகிலிருக்கும் ஒருவன் தன் கருவியை 'நான் ஒரு விசைப்பலகை' என்று சொல்லிக்கொள்ளச் செய்கிறான். குறிப்பிட்ட சூழ்நிலைகளில் கணிப்பொறியோ கைபேசியோ அதனை அப்படியே நம்பி, உரியவரைக் கேளாமலே ஏற்றுக்கொள்கிறது. அதன்பின் அவன் அனுப்பும் ஒவ்வோர் எழுத்தும் உரியவரே தட்டியதாகக் கொள்ளப்படும். பேரேட்டின் முன் அமர்ந்திருக்கும் காரியதரிசியின் கையைப் பின்னாலிருந்து பிடித்து வேறொருவன் எழுதுவது போன்றது இது. கையெழுத்து அவருடையதாகவே இருக்கும். தணிக்கைக்கு வரும் நாமும் அவரைத்தான் கேட்போம். அந்தக் கணிப்பொறியில் அங்கத்தினர்களின் வங்கிக் கணக்கு எண்கள், ஆதார் நகல்கள், கூலிப் பட்டியல் ஆகியவை இருக்குமாயின், நஷ்டம் அவர் ஒருவரோடு நிற்பதன்று.

இப்பிழைகளுக்கெல்லாம் திருத்தங்கள் வந்துவிட்டன. விண்டோஸுக்கு இதே இனத்தைச் சேர்ந்த திருத்தம் 2024 ஜனவரியில் வெளியாயிற்று. ஆனால் திருத்தம் வெளியாவது வேறு, நமது கணிப்பொறியில் அது ஏறியிருப்பது வேறு. இணையச் செலவு கருதிப் புதுப்பித்தலை நிறுத்தி வைத்திருப்போரை நாம் பல ஊர்களில் கண்டிருக்கிறோம். விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த இலவசத் திருத்தங்களும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிவுற்றன. மேற்கொண்டு பெற விரும்புவோர் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இதனை மிகைப்படுத்திக் கூற நாம் விரும்பவில்லை. புளூடூத் வழியே வருபவன் ஊருக்குள், தெருவுக்குள் வந்தாக வேண்டும். தொலைபேசியில் அழைத்து ரகசிய எண் கேட்கும் வஞ்சகனுக்கு அந்தச் சிரமமும் இல்லை. அவனால் பணம் இழப்போரே மிகுதி. ஆயினும் பயனின்றித் திறந்து கிடப்பதை மூடுவதற்குக் காசு செலவில்லை. அமைப்புகளில் புளூடூத் என்ற பகுதிக்குச் சென்று விசையைத் தள்ளினால் போதும். கம்பியில்லா விசைப்பலகையும் சுட்டியும் புளூடூத்தால் இயங்குவனவாயின் இது இயலாது; அத்தகையோர் திருத்தங்களைத் தவறாது ஏற்றிக்கொள்வதும், பழைய இணைப்புகளைப் பட்டியலிலிருந்து நீக்குவதும், தாம் கேளாமல் வரும் இணைப்பு வேண்டுகோளை மறுப்பதும் அவசியம். இடத்தைவிட்டு எழும்பொழுது திரையைப் பூட்டுவது எல்லோருக்கும் உரியது.

மேற்சொன்ன காரியதரிசி நம் முன்னிலையிலேயே விசையைத் தள்ளினார். பிறகு சற்றுத் தயங்கி, "சங்க அலுவலகத்துக் கணிப்பொறியையும் பார்த்துவிடலாமா?" என்றார். அங்கும் திறந்தே இருந்தது.